கொட்டுமடைக்கு வழிகாட்டும் ஐந்து கற்கள்

மூங்கில்பதி
24.9.2024

கயல்விழி அம்மணிக்கு, மூங்கில்பதி சென்னிமலை சொல்லச் சொல்ல எங்கள் ஊர் போஸ்டாபீஸ் அன்புச்செல்வி எழுதுவது.

அந்த வருசம் நாங்கள் இரண்டு தடவை ஓட்டுப் போட்டோம். எமர்ஜென்சி எடுபட்ட பங்குனியில் டில்லிக்கு ஒன்று, வைகாசிக் கடைசியில் மெட்ராசுக்கு ஒன்று. முதல் மை நகத்தோடு வளர்ந்து வெளியே போவதற்குள் இரண்டாவது மை வைத்துவிட்டார்கள். அதே வருசம் ஐப்பசிக் கடைசியில் திருச்சிக்குள் காவிரி புகுந்தது. ரேடியோவில் நாள் முழுக்க அதுதான் பேச்சு. அதற்குப் பதினாறு நாள் முந்தி, ஒரு வியாழக்கிழமை, எங்கள் ஊர் ஓடையான கொட்டுமடைப் பள்ளத்தில் தண்ணீர் வந்து ஐந்து பேரைக் கொண்டுபோனது. அதை எந்த ரேடியோவும் சொல்லவில்லை.

நான் படிக்காதவன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஊர் சுற்றிப் பார்க்க இடம் சொல்கிறவர் நீங்கள் என்று அன்புச்செல்வி சொன்னாள். போன மாதம் எங்கள் பள்ளத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். காந்திபுரத்தில் எந்த பஸ் ஏறுவது, காலைப் பத்து மணி வெயில் விழும்போது அருவிச் சாரலில் வானவில் எப்படி நிற்கும், எல்லாம் சரி. அப்புறம் இப்படி வருகிறது: "ஊர் முடிந்ததும் ஓடைக்குள் இறங்குங்கள். வழி கேட்க ஆள் இருக்காது, கவலை வேண்டாம். உள்ளூர் மக்கள் அன்போடு வெள்ளையடித்து வைத்திருக்கும் ஐந்து கற்கள் உங்களை அருவி வரைக்கும் கூட்டிச் செல்லும்."

உள்ளூர் மக்கள் இல்லை அம்மணி, நான் ஒருத்தன். அது வழி காட்டுகிற கல்லும் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஆட்கள் எங்கெங்கே கிடந்தார்களோ அங்கங்கே இருந்த கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நாற்பத்தேழு வருசமாக ஐப்பசி பிறந்ததும் அடிக்கிறேன். அவர்களைக் கொண்டுபோன பாதையில் நீங்கள் ஆட்களை நடத்திக் கூட்டி வருகிறீர்கள்.

போன ஞாயிறு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். மூன்றாம் கல்லின் மேல் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தது. அது பாவாத்தாள் கிடந்த இடம். பாவாத்தாளும் தின்பதில் கெட்டிக்காரி, கோபித்திருக்க மாட்டாள். என் பயம் வேறே. ஐப்பசி வருகிறது. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் ஊற்றும். பள்ளத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

அந்த நாலு வரியை எடுத்துப்போடுங்கள்.

(பெருவிரல் ரேகை)
சென்னிமலை


கோயம்புத்தூர்
3.10.2024

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதலில் மன்னிப்பு. யாரிடமாவது கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். நான் எப்போதும் தனியாக, வார நாளில்தான் போவேன். கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்ப் போய், வழியில் ஆளைக் கண்டாலும் பேச்சுக் கொடுக்காத பழக்கம் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். அச்சான பேப்பரை என்னால் திரும்பப் பெற முடியாது. படித்தவர்கள் படம் எடுத்துப் போட, அதைப் பார்த்தவர்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது. அடுத்த வாரம் திருத்தம் போட்டாலும் அதைப் பத்துப் பேர் படித்தால் அதிகம்.

எனக்குத் தோன்றுகிற வழி ஒன்றுதான். இந்த ஐப்பசியில் நீங்கள் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டுவிடலாம். கற்கள் தெரியாவிட்டால் யாரும் ஓடைக்குள் இறங்க மாட்டார்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் புரியவில்லை. மலையில் மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் வரும் என்று தெரிந்தவர்கள் எப்படி மாட்டிக்கொண்டார்கள்?

போன் நம்பர் கீழே இருக்கிறது. கூப்பிட்டால் பேசலாம்.

அன்புடன்,
கயல்விழி


மூங்கில்பதி
9.10.2024

கயல்விழி அம்மணிக்கு,

எனக்குக் காது மந்தம். போன் ஆகாது. அதனால் கடிதம்.

சுண்ணாம்பு அடிக்காதே என்கிறீர்கள். அடிக்காவிட்டால் அது வெறும் கல். பள்ளத்தில் கல்லுக்கா பஞ்சம்? செத்தவர்களில் மூன்று பேருக்குப் பிள்ளைகள் இல்லை. மற்ற இரண்டு பேர் வீட்டுப் பிள்ளைகள் பல்லடம், திருப்பூர் என்று போய்விட்டார்கள், கோழிப்பண்ணையிலும் பனியன் கம்பெனியிலும் இருக்கிறார்கள். இங்கே வந்து கல்லைத் தேடப் போவதில்லை. இதற்கு மேல் கோபமாகவும் இரண்டு வார்த்தை சொன்னேன், அன்புச்செல்வி எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

எப்படி மாட்டினார்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அப்போது மேலே மூங்கில் வெட்டு நடந்தது. வெட்டின மூங்கிலைக் கட்டாகக் கட்டிக் கீழே இழுக்க வேறு பாதை கிடையாது, பள்ளமேதான் பாதை. எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். ஆறு பேர் இழுப்பார்கள். ஒருத்தன் அருவிக்குப் பக்கத்தில் இருக்கிற காவல் பாறையில் சீமெண்ணெய்த் தகரத்தோடு நிற்பான். அங்கிருந்து பார்த்தால் மேல்பள்ளம் தெரியும். தண்ணீருக்கு முந்தி சருகு வரும். சருகுக்குப் பின்னால் நுரை. அதற்குப் பின்னால் செம்மண் தண்ணீர், ஆள் உயரத்துக்கு. சருகைக் கண்டதும் தகரத்தைத் தட்ட வேண்டும். தட்டினால் போட்டது போட்டபடி கரை ஏற வேண்டும். ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம்தான் கிடைக்கும். அது போதும்.

அன்றைக்கும் காவலுக்கு ஒருத்தன் நின்றான். தகரம் தட்டினான். கீழே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஆறில் ஐந்து பேர் போனார்கள். தெய்வாத்தாள் மட்டும் மரவேரில் சிக்கிய மூங்கில் கட்டைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். அவள் புருசன் நஞ்சப்பன் இரண்டாம் கல். அவ்வளவுதான்.

இப்போது ஞாயிறு தவறாமல் காலை ஏழு மணிக்குக் காவல் பாறைக்குப் போய்விடுகிறேன். வருகிறவர்கள் கையாட்டுகிறார்கள். ஒருத்தர் ஏறி வந்து, "ஏனுங்க, டிக்கெட் எங்கீங்க குடுப்பாங்க?" என்று கேட்டார். "தண்ணி வந்தா நானே குடுப்பனுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

சென்னிமலை


கோயம்புத்தூர்
22.10.2024

மதிப்பிற்குரிய ஐயா,

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். உங்களிடம் வந்து பேசத் துணிவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக ஓடைக்குள் நின்றேன்.

வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கற்கள் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொரு கல்லிலும் நின்று படம் எடுத்துக்கொண்டு முப்பது பேருக்கு மேல் போய்க்கொண்டிருந்தார்கள். பத்தே கால் இருக்கும், தகரச் சத்தம் வந்தது. என்ன நடந்தது தெரியுமா? கை தட்டினார்கள். எனக்கு முன்னால் போனவர் தன் மனைவியிடம், "மேல ஏதோ கோயில் நோம்பியாட்ட இருக்குது, வெரசா வா" என்றார். ஒரு கூட்டம் தாளத்துக்கு ஆடத் தொடங்கியது. போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள்.

உங்கள் கடிதம் வந்திருக்காவிட்டால் நானும் எடுத்திருப்பேன்.

கத்தினேன், ஐயா. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு அம்மாள் என்னைப் பைத்தியம் என்றார், ஆனால் கரை ஏறினார். கடைசி ஆள் ஏறி, நான் திரும்பிப் பார்த்தபோது சருகு வந்துகொண்டிருந்தது. பிறகு நுரை. மூன்றாம் கல் மூழ்குவதைக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு யாரும் கை தட்டவில்லை.

எல்லோரும் ஏறிய பிறகும் நீங்கள் தட்டுவதை நிறுத்தவில்லை. கால் மணி நேரம் தட்டினீர்கள்.

இந்த வாரம் நான்கு வரித் திருத்தம் போடப் போவதில்லை. முழுப் பக்கம் எழுதப் போகிறேன். அந்தக் கற்கள் யார் என்று சொல்லப் போகிறேன். ஐந்து பேர் பெயரும் எனக்கு வேண்டும். பிழைத்த தெய்வாத்தாள் அம்மா பெயரோடு, காவலுக்கு நின்றவர் பெயரும் வேண்டும். அன்று வேலைக்குப் போனவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் என்று கடைசியில் ஒரு வரி போட ஆசை.

ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் தட்டியது கடைசிக் கல் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் இரைச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றைக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

அன்புடன்,
கயல்விழி


மூங்கில்பதி
30.10.2024

கயல்விழி அம்மணிக்கு,

நாளைக்குத் தீபாவளி. போஸ்டாபீசில் ஆள் இல்லை. அன்புச்செல்வியிடம், நான் சொல்வதை நடுவில் எதுவும் கேட்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

காவலுக்கு நின்றவன் நான்தான்.

இரண்டு வருசமாகக் காவல் என்னுடையது. எனக்குக் கண் கூர்மை, அதனால் மேஸ்திரி என்னை நிறுத்தினார். அருவியில் வானவில் தெரியும் என்று எல்லோரும் பேசுவார்கள். பாறையில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. சாரலுக்குப் பக்கத்தில் கீழே ஒரு திட்டு இருக்கிறது. பேப்பரில் வந்த போட்டோவை நீங்கள் நின்று எடுத்த அதே திட்டு. அங்கே இறங்கினால்தான் தெரியும். அங்கே இறங்கினால் மேல்பள்ளம் தெரியாது.

அன்றைக்கு வெயில் சுத்தமாக இருந்தது. கீழே தெய்வாத்தாள் ஒரு கலியாணக் கதை சொல்லிக்கொண்டே கட்டு இழுத்தாள். மாப்பிள்ளை வீட்டு மாமன் பந்தியில் பாயசத்தை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்ட கதை. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் இறங்கினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிவிடலாம் என்று. தகரத்தைப் பாறையிலேயே வைத்துவிட்டேன்.

வில் நின்றது. எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. மேகம் மறைத்ததோ என்று நிமிர்ந்தேன். வெயில் அப்படியே இருந்தது. அருவிதான் சிவந்துபோயிருந்தது.

ஏறி ஓடித் தகரத்தைத் தட்டினேன். தட்டினேன் என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அப்போது கேட்பதற்குப் பள்ளத்தில் ஆள் இல்லை.

போலீஸ்காரர் கேட்டபோது தட்டினேன் என்றேன். அப்போ ஏன் ஏறவில்லை என்றார். ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் சொன்னாள்: "நாந்தானுங்க சளசளன்னு பேசிட்டிருந்தேன். எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டிருந்தேன். அதுல ஆருக்கும் கேக்காம போச்சுங்க." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது அப்படி இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

அன்றோடு அவள் பேச்சு நின்றது. அவள் அண்ணன் வெள்ளகோவிலுக்குக் கூட்டிப் போனார். அந்தப் பக்கம் போய்வருகிறவர்களிடம் விசாரிப்பேன். "அந்தம்மா ஆமாங்கும், இல்லைங்கும், அவ்வளவுதானுங்க" என்பார்கள். ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரிப் பேசினவள். எனக்கும் கலியாணம் கூடி வந்தது, நானே வேண்டாம் என்றேன். சுண்ணாம்பு அடித்ததை எல்லோரும் புண்ணியம் என்றார்கள்.

இங்கே அன்புச்செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வெளியே போய்க் குழாயடியில் நின்றாள். திரும்பி வந்து, "அப்பறம் சொல்லுங்க" என்றாள். முன்னே என்னைத் தாத்தா முறை வைத்து அப்பாரு என்பாள். இன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

பேப்பரில் போட்டுவிடுங்கள். அதுதான் சரி.

சென்னிமலை


கோயம்புத்தூர்
8.11.2024

ஐயா,

மூன்று தாள் கிழித்துவிட்டு நான்காவதில் எழுதுகிறேன்.

அந்தத் திட்டில் நான் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். என் போனில் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். அப்போது எனக்குக் கீழே யாரும் இல்லை. அதைத் தவிர எனக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் நீங்கள் செய்ததைச் சின்னதாக்கி எழுத எனக்கு மனம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓடைக்குள் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கையைப் போன ஞாயிறே பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன். அன்றைக்கே கூட்டம் பாதிதான் என்று அன்புச்செல்வி எழுதியிருந்தார். மற்றதை இப்போது போட மாட்டேன். பேப்பரில் வந்து, அதை யாரோ படித்துச் சொல்லித்தான் தெய்வாத்தாள் அம்மா தெரிந்துகொள்ள வேண்டுமா? அவருக்கு அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டுமானால் கூட வருகிறேன். காரில் கூட்டிப் போகிறேன்.

நீங்கள் போய்வந்த பிறகு பெயர்களைச் சொல்லுங்கள். அதுவரைக்கும் அந்தப் பக்கம் காலியாக இருக்கட்டும்.

கயல்விழி


மூங்கில்பதி
20.11.2024

கயல்விழி அம்மணிக்கு,

கார் வேண்டாம் என்று தனியாகப் போனேன். காந்திபுரம், சிங்காநல்லூர், அங்கே திருச்சி பஸ். பல்லடம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. காங்கயத்தில் இன்னொரு தடவை. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கொடுத்தார்கள், அதனால் எழுந்து வர முடியவில்லை. அப்படித்தான் வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தேன்.

அவள் அண்ணன் மகன் வீடு. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை பஞ்சாக நரைத்திருந்தாலும் முகம் அதே முகம்.

"ஆரு?" என்றாள்.

"மூங்கில்பதி சென்னிமலைங்க."

வாங்க என்கிற மாதிரி தலையை அசைத்தாள். அவ்வளவுதான்.

எனக்குக் காது மந்தம், அங்கே தறிச் சத்தம் வேறே. மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்துப் போனேன், முடியவில்லை. கத்தித்தான் சொன்னேன். நாற்பத்தேழு வருசம் மறைத்ததை அந்த வீதியே கேட்டது. எதிர்வீட்டில் ஒருத்தர் சைக்கிளைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் நேரத்துக்குத் தகரம் தட்டலைங்க, தெய்வாத்தா. உங்க பேச்சுனால இல்ல. பாறையில நானே இல்ல."

அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் வைத்துக் காட்டினேன். அவள் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கத்தினாள். உள்ளே இருந்து மருமகள் கரண்டியோடு ஓடி வந்து நின்றுவிட்டாள்.

"பின்ன எங்க போனீங்க?"

"வில்லுப் பாக்கப் போனனுங்க."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"எப்படி இருந்துது? சொல்லுங்க."

சொன்னேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. பாதி வில் இல்லை, முழு வட்டம். உள்ளே இன்னொரு சின்ன வட்டம். கை நீட்டினால் கை மேலேயே நிறம் விழுந்தது. சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது, அத்தனையும் ஞாபகம் இருக்கிறதே என்று. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவருந்தான் ஒரு நாளைக்கிக் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்னாரு," என்றாள். நஞ்சப்பனைச் சொன்னாள்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "கண்ணு, அந்தப் பாயசத்த ரசம்னு ஊத்திக்கிட்ட மாமன் கதைய உனக்குச் சொல்லியிருக்கறனா?" என்று கேட்டாள். அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டியது. தெய்வாத்தாள் அன்றைக்குக் கதை நின்ற இடத்திலிருந்து தொடங்கினாள். மாமனுக்கு அது பாயசம் என்று நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டதாம். பெண் வீட்டார் முன்னால் ஒத்துக்கொள்ள மனசு வராமல், "ரசம் பிரமாதமுங்க, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று மூன்று தடவை வாங்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு எழுந்தாராம். கட்டிலைத் தட்டித் தட்டிச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். மருமகள் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. அவ்வளவு சத்தம்.

கதை முடிந்ததும் என்னிடம் சொன்னாள்: "காப்பி குடிச்சுட்டுப் போங்க. இனி இந்த ஊட்டுப் பக்கம் வராதீங்க."

குடித்தேன். வந்துவிட்டேன். வீதி முனை திரும்பும்போதும் அவள் குரல் கேட்டது. வேறே ஏதோ கதை.

அம்மணி, நீங்கள் கேட்ட பெயர்கள். மேலிருந்து கீழே வருகிற வரிசையில் போடுங்கள். முதல் கல் சூசையப்பன். இரண்டாம் கல் நஞ்சப்பன். மூன்றாம் கல் பாவாத்தாள். நான்காம் கல் அவள் தம்பி ஆறுச்சாமி. ஐந்தாம் கல் வெங்கடபதி, அவன்தான் வெகுதூரம் போய்க் கிடந்தான். காவலை விட்டு இறங்கிப் போனவன் சென்னிமலை. அதை அப்படியே போடுங்கள், அன்புச்செல்வி எழுத்து எழுத்தாக எழுதியிருக்கிறாள்.

கடைசியில் உயிரோடு இருப்பவர்கள் என்று ஒரு வரி வேண்டும் என்றீர்கள். அதில் ஒரு பெயர் போதும். தெய்வாத்தாள்.